சறுக்கு மரத்தடி மணல்

சுட்ட இறைச்சியின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. பூங்காவில் பார்பிக்யூ போடுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்படும் ஒரு கிழவன் என்று என்னைப் பற்றிச் சிலர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்கரைப் பூங்காவிலிருந்து அந்த வாசனை என் பல்கனி வரைக்கும் வரும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். என் குசினியில் அப்படி ஒரு வாசனை எழும்புவதில்லை. ஒரு ஆளுக்குச் சமைத்தால் எழும்பாது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன். இவ்வளவு காலம் ஆங்கிலத்தில்தான் வேலை செய்தவன், இந்தப் பொலிஸ் அதிகாரியிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர் பரமட்டாவிலிருந்து வந்து பக்கத்தில் உட்காருவார் என்றார்கள். சரி, வரட்டும் என்று காத்திருந்தேன். உங்களை அலைக்கழித்ததற்கு மன்னிக்க வேண்டும். நான் ஆறுதலாகச் சொல்கிறேன். நீங்களும் ஆறுதலாக அவருக்குச் சொல்லுங்கள்.

என் பெயர் நித்தியானந்தன். பிளாக்டவுன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி சிவனேஸ்வரி மெல்பேர்னில் மகள் மயூராவோடு இருக்கிறாள். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது உதவிக்கென்று போனாள். அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் யாராவது சமாதானம் பேசவாவது வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

இந்த விஷயம் ஒரு நாயிலிருந்து தொடங்கியது. என் வீட்டுக்கு மேல் மாடியில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. வேதவல்லி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கணவர் கௌரிசங்கர் கம்ப்யூட்டர் வேலை. மகள் மோனிகாவுக்கு ஐந்து வயது. லட்டு என்று ஒரு சின்ன நாய் வைத்திருந்தார்கள். ஒரு நாள் வேதவல்லி அந்த நாயைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு என் கதவைத் தட்டினார். கணவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் கதவை ஒரு மனிதர் தட்டியது அன்றுதான். அதற்கு முன் தட்டியவர்கள் எல்லாம் பார்சல்காரர்கள்.

பூங்காவில் யாரோ ஒரு டிஸ்போசபிள் பார்பிக்யூவை அணைக்காமல் மரத்தடியில் விட்டுப் போயிருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் மெல்லிய அலுமினியத் தட்டு, உள்ளே கரி, மேலே கம்பி வலை. ஒரு தடவை சுட்டுவிட்டு எறிந்துவிடுவது. நெருப்பு அணைந்த மாதிரித் தெரியும், ஆனால் கரிக்குள் சூடு மணிக்கணக்கில் இருக்கும். நாய் அதில் காலை வைத்துவிட்டது. மிருக வைத்தியரிடம் நான்தான் காரில் கொண்டுபோனேன்.

அடுத்த நாள் வேதவல்லி கேசரி கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இதை இப்படியே விடக் கூடாது அங்கிள். நாய்க்குப் பதிலா ஒரு குழந்தை கால் வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? கவுன்சில்ல பேசணும்."

"பேசுவம். உள்ளுக்கு வாங்கோ," என்றேன்.

அப்படித்தான் கூட்டங்கள் ஆரம்பித்தன. எங்கள் கட்டடத்திலிருந்தும் பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் ஆட்கள் என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். கதிரைகள் போதவில்லை, வாங்கினேன். வடை சுட்டேன். புல்வெளியில் அந்தத் தட்டுகள் எரித்துவைத்த நீள்சதுரத் தழும்புகளை எல்லோரும் படம் எடுத்து வந்து காட்டினார்கள். நகரசபை எல்லைக்குள் உள்ள பூங்காக்களில் அவற்றை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. மோனிகா தரையில் படுத்துக்கொண்டு படம் கீறுவாள். "தாத்தா, உங்க வீட்டுல ஏன் டாய்ஸே இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். அடுத்த கூட்டத்துக்கு முன் வாங்கி வைத்தேன். அவள் அப்பா பரவாயில்லை அங்கிள், எதுக்கு இதெல்லாம் என்றார். அவருக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ஒரு கூட்டம் நடக்கும்போது சிவனேஸ்வரி மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தாள்.

"என்னப்பா, பின்னால ஆக்கள் கதைக்கிற சத்தம் கேக்குது?"

"வீட்டில கூட்டம் நடக்குது. நான் பிறகு எடுக்கிறன்," என்றேன்.

அவளிடம் அப்படிச் சொல்லக் கிடைத்தது அன்றுதான். போனை வைத்துவிட்டு அடுத்த தட்டு வடையோடு ஹாலுக்குப் போனேன்.

இப்போது சுகிர்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகாரி அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சுகிர்தன் படகில் வந்த பிள்ளை, அகதி வழக்கு முடியும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவன், வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. ஒரு அறை வீட்டில் மூன்று நான்கு பேராக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பூங்காவுக்கு வருவார்கள். அங்கே நகரசபையின் மின்சார அடுப்புகள் இரண்டு உண்டு, ஆனால் காலையிலேயே பெரிய குடும்பங்கள் மேசைவிரிப்பைப் போட்டு இடம் பிடித்துவிடும். ஆகவே இவர்கள் அலுமினியத் தட்டு ஒன்றை வாங்கி வந்து ஓடைக்கரையில் இறால் சுடுவார்கள். நான் நடந்து போகும்போதெல்லாம் அவன் எழும்பி நின்று கூப்பிடுவான்.

"அங்கிள், வாங்கோ, இருந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"இல்லைத் தம்பி, இப்பதான் சாப்பிட்டனான்," என்பேன். சாப்பிட்டிருக்கமாட்டேன். ஒருவர் இரங்கிக் கூப்பிடும்போது எப்படிப் போய் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் ஒருநாளும் கூப்பிடாமல் விட்டதில்லை.

நகரசபை இந்த விஷயத்தைப் பேச மண்டபத்தில் ஒரு பொதுக்கூட்டம் வைத்தது. நான் பேசினேன், நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள். பிறகு சுகிர்தன் எழுந்தான். அவனை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை. முதலில் ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசினான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"அங்கிள், பின் வளவு இருக்கிறவைக்குப் பின் வளவு இருக்கு. எங்களுக்கு இந்தப் பார்க்தான் வளவு. கரியை அணைக்கத் தெரியாதவனைப் பிடியுங்கோ. எல்லாருக்கும் தடை எண்டா நாங்கள் எங்க போறது?"

மண்டபத்தில் சிலர் கைதட்டினார்கள். மொழி புரியாதவர்களும் தட்டினார்கள். நகரசபை தடை வேண்டாம் என்று முடிவெடுத்தது. சூடான கரியைப் போட இரும்புத் தொட்டிகள் வைப்போம், அறிவிப்புப் பலகைகள் போடுவோம் என்றார்கள்.

"இது போதும் அங்கிள். ரெண்டு பக்கத்துக்கும் நியாயமா இருக்கு," என்றார் கௌரிசங்கர்.

அடுத்த வாரம் நான் வடைக்குப் பருப்பு ஊறப்போட்டேன். ஒருவரும் வரவில்லை. படிக்கட்டில் வேதவல்லியைக் கண்டு கேட்டேன். "அதான் முடிஞ்சிடுச்சே அங்கிள்," என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கதிரைகளை நான் அடுக்கி வைக்கவில்லை. சில வாரங்கள் அவை வட்டமாகவே கிடந்தன.

ஆனால் விஷயம் முடியவில்லை. நான் தொழிற்சாலையில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தில் ஆணி கழன்று கிடக்கிறது, அது மாவுக்குள் விழக்கூடும் என்று எத்தனை தடவை அறிக்கை கொடுத்தாலும் ஒரு பெட்டியைக்கூடக் கடையிலிருந்து திருப்பி எடுக்கமாட்டார்கள். யாராவது ஒருவருடைய பல் உடைய வேண்டும். உடைந்தால் அன்று மாலைக்குள் நாடு முழுவதும் திருப்பி எடுப்பார்கள். அந்த ஒரு பல்லால் ஆயிரம் பற்கள் தப்பும். இது கொடுமையான சிந்தனை இல்லை. வேலை நடக்கும் விதம் அப்படி.

ஆகவே நான் ஒரு தட்டை வாங்கினேன்.

அது ஜனவரியில் ஒரு ஞாயிறு, நல்ல வெயில். சுகிர்தனும் கூட்டாளிகளும் மதியமே வந்து சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அவர்கள் போத்தல் போத்தலாகத் தண்ணீர் ஊற்றிக் கரியை அணைத்துப் புதுத் தொட்டிக்குள் போட்டதை நான் பூங்கா வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். போகும்போது அவன் எனக்குக் கை காட்டினான். நானும் காட்டினேன்.

அவர்கள் போன பிறகு, கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மேசையடியில் என் தட்டைப் பற்றவைத்தேன். சும்மா எரிய விட மனம் வரவில்லை, ஒரு கத்தரிக்காய் கொண்டுபோயிருந்தேன், அதைச் சுட்டு உப்பும் எலுமிச்சம்புளியும் விட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நெருப்பு அடங்கிக் கரி சாம்பல் பூத்ததும், ஒரு பழைய வாளியில் கரியை மட்டும் போட்டுக்கொண்டு விளையாட்டிடத்துக்குப் போனேன். வெயில் தாழும் வரை பிள்ளைகள் அங்கே வருவதில்லை, சறுக்கு மரத்தின் தகரம் தொட முடியாமல் கொதிக்கும். அதன் அடிவாரத்து மணலைக் கொஞ்சம் தோண்டிக் கரியைக் கொட்டி மேலே மணலைத் தள்ளி மூடினேன். பிறகு வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

ஏன் மணலுக்குள் என்று அதிகாரி கேட்கிறார். புல்லின் மேல் கிடந்தால் எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படுவது வெறும் குப்பை. அதற்குக் கூட்டம் போடமாட்டார்கள்.

யார் வருவார்கள் என்று தெரியாமல்தான் செய்தீர்களா என்கிறார். இதற்கு ஓம் என்று சொன்னால் எனக்கு நல்லது என்பது அவருடைய முகத்திலேயே தெரிகிறது. நல்ல மனுஷர். ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வந்தேன்.

முதலில் ஒரு பெண் வந்தாள், இரண்டு சிறு பையன்களோடு. லெபனானியராக இருக்கலாம். பையன்கள் சறுக்கு மரத்தை நோக்கி ஓடினார்கள். நான் எழுந்து போய், மணலில் பூனை அசுத்தம் செய்திருக்கிறது, அங்கே விட வேண்டாம் என்றேன். அவள் நன்றி சொல்லி ஊஞ்சல் பக்கம் கூட்டிப்போய், கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டாள். இதை எழுதும்போது, எனக்கு மனம் மாறியது என்று இவர் எழுத வேண்டாம். மனம் மாறவில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவளுடைய பிள்ளைக்குக் காயம் பட்டால் அவள் தன் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள். தன் ஆட்களோடு கூட்டம் போடுவாள். என் வீட்டுக்கு வரமாட்டாள்.

கௌரிசங்கர் மோனிகாவைக் கூட்டிக்கொண்டு வெயில் தாழ வந்தார். ஞாயிறுகளில் அவர்கள் அந்நேரம்தான் வருவார்கள், என் பல்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். சப்பாத்துக்குள் மண் போனால் அம்மா ஏசுவாள் என்று அந்தப் பிள்ளை சறுக்கு மரத்தின் ஏணியடியிலேயே இரண்டையும் கழற்றிச் சோடியாக வைப்பாள். அதுவும் எனக்குத் தெரியும். அவள் அப்பா போனில் வேலை விஷயமாக யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவள் உச்சிக்கு ஏறியதும் என்னைக் கண்டுவிட்டாள்.

"தாத்தா, பாருங்க," என்றாள்.

நான் பார்த்தேன். கையும் காட்டினேன். அவள் உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்து, பிறகு வழுக்கினாள்.

அவளிடம் முதலில் ஓடிச் சேர்ந்தவன் நான்தான். அப்பா திரும்புவதற்குள் தூக்கிவிட்டேன். என் பையில் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினேன், பிறகு குழாயடிக்குக் கொண்டுபோய் ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு பாதங்களையும் ஓடும் தண்ணீரில் பிடித்திருந்தேன். ஐஸ் வைக்காமல், எண்ணெய் பூசாமல் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று ஆம்புலன்ஸ்காரப் பெண் சொன்னாள். ஒரு நடைக்கு வந்த மனிதன் எதற்கு அத்தனை போத்தல் தண்ணீர் சுமந்து வந்தான் என்று எவரும் கேட்கவில்லை.

அன்று பொலிஸார் கேட்டபோது சுகிர்தனின் பெயரைச் சொன்னேன். மதியம் அந்தப் பிள்ளைகள் கரியை மணலில் புதைத்ததைக் கண்டேன் என்றேன். யாராவது புதைத்திருக்கத்தானே வேண்டும். பூங்காவில் எனக்குப் பெயர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் மறுக்கப் போவதில்லை, அவை நல்ல வாரங்கள். மோனிகாவுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் வைத்தார்கள். வேதவல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நேரே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுவார். "நீங்க மட்டும் அங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும் அங்கிள்," என்பார். கௌரிசங்கர் தன்னைத் தானே திட்டிக்கொண்டே இருப்பார், போனை அன்று எடுத்திருக்கக் கூடாது என்று. நான் அவருடைய தோளில் கை வைத்து ஆறுதல் சொல்வேன். டிவியிலிருந்து வந்து என்னிடம் பேட்டி எடுத்தார்கள். ஹால் நிறைய ஆட்கள். சிவனேஸ்வரி பேட்டியைப் பார்த்துவிட்டு மெல்பேர்னிலிருந்து வந்தாள். குசினியில் அவள் தேங்காய் திருவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ஹாலில் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தேன். நகரசபை ஒருமனதாகத் தடையை நிறைவேற்றியது. அது சரியான தடை. அதற்குப் பிறகு அந்தப் பூங்காவில் எவருடைய காலும் சுடவில்லை. அதை யாரும் மறுக்க முடியாது.

சுகிர்தன் மேல் வழக்குப் போட்டார்கள். அதனால் விசாவும் போய், வில்லாவுட் தடுப்பு முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவனுடைய கூட்டாளி ஒருவன் என் கதவில் வந்து நின்றான்.

"அங்கிள், அவன் உங்களுக்கு என்ன செய்தவன்?" என்று கேட்டான்.

"கண்டதைத்தானே தம்பி சொன்னனான். உள்ளுக்கு வந்து இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்றேன். அவன் உள்ளே வரவில்லை.

பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். தடை வந்துவிட்டதால் கூட்டத்துக்கு வேலை இல்லை. சிவனேஸ்வரி, பிள்ளைகளைப் பள்ளிக்கு விட ஆள் இல்லை என்று திரும்பிப் போனாள். மோனிகா பூங்காவைக் கண்டாலே நடுங்குகிறாள் என்று மேல் வீட்டுக்காரர் வீட்டை விற்றுத் தூரத்தில் ஒரு புறநகருக்குப் போனார்கள். போகும் அன்று பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். குதிகால் தரையில் படாமல் விரல்களில் ஊன்றி நடந்தாள். டாக்டர்கள் இன்னும் இரண்டு ஆபரேஷன் இருக்கிறது என்றார்களாம். "தாத்தாவுக்கு பை சொல்லு," என்றார் வேதவல்லி. சொன்னாள். மேல் வீட்டில் இப்போது ஒரு மாணவன் இருக்கிறான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏறுவான், இறங்குவான்.

என்ன கேட்கிறார்? சுகிர்தன் வெளியே வந்துவிட்டான், அது உங்களுக்குத் தெரியாதா என்றா?

தெரியும். ஒரு நிரபராதி அடைபட்டிருப்பதைத் தாங்காமல்தான் நான் வந்தேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அதைத் திருத்தவில்லை. அவனுடைய கூட்டாளியின் போனில் அவர்கள் தண்ணீர் ஊற்றிக் கரியை அணைக்கிற வீடியோ இருந்ததாம். இவருடைய அலுவலகத்திலிருந்தே எனக்கு அழைத்தார்கள். வெயில் கண்ணில் அடித்தது, ஆட்களை மாறிப் பார்த்திருப்பேன் என்றேன். வயதானவர், பரவாயில்லை என்று வைத்துவிட்டார்கள். யாரும் வீட்டுக்குக்கூட வரவில்லை. வழக்கு விழுந்தது, அவனுடைய விசாவும் திரும்பக் கிடைத்தது. அது நடந்து சில மாதங்கள் ஆகின்றன.

அவன் வருவான் என்று நினைத்தேன். அப்படி ஒரு பொய்யைச் சொன்னவனைத் தேடி வந்து ஏசாமல், சட்டையைப் பிடிக்காமல் ஒருவன் இருப்பானா? அடித்தாலும் நான் வாங்கியிருப்பேன். பகலில் கதவைப் பூட்டாமல் வைத்திருந்தேன். அவன் வரவில்லை. ஒரு ஞாயிறு பூங்காவுக்குப் போனேன். மின்சார அடுப்புக்குப் பக்கத்தில் கூட்டாளிகளோடு தன் முறை வரக் காத்து நின்றான். நான் அவனுக்குக் கிட்டவாக, மெதுவாகத்தான் நடந்தேன். என்னைக் கண்டான். முகத்தில் கோபம்கூட இல்லை. திரும்பி இறாலைக் கம்பியில் குத்திக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் நான் இங்கே வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மணலுக்குள் கரியை வைத்தது நான். பிள்ளை வருவதும் அவள் வெறுங்காலோடு வழுக்குவதும் தெரிந்து வைத்தது நான். எல்லாம் பொதுநன்மைக்காகச் செய்தது. தனிமையால் செய்தான் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், அது என்னைப் பற்றிச் சரியான விவரம் இல்லை. இனி இந்த வாக்குமூலத்தைச் சுகிர்தனுக்கு யாராவது அறிவிக்க வேண்டும் அல்லவா, வேதவல்லிக்கும்தான். அப்படி அறிவிக்கும்போது, நான் எங்கே இருப்பேன், பார்வையாளர்கள் எந்தெந்த நாட்களில் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.